இருண்ட இசையின் தொகுப்புகள்: எதை வாங்கலாம், எதை விட்டுவிடலாம்

இயந்திர ஒலிகளையும் இரைச்சலையும் இசையாக்கும் இண்டஸ்ட்ரியல், இருளையும் சோகத்தையும் பாடும் கோத்திக் ஆகிய இரண்டு ராக் இசை வகைகளுக்குள்ளும் புதிதாக நுழைகிறவர் பெரும்பாலும் ஒரு தனிக் குழுவின் ஆல்பத்திலிருந்து தொடங்குவதில்லை. பல குழுக்களின் பாடல்கள் சேர்ந்த ஒரு தொகுப்பிலிருந்தோ, பெயர் பெற்ற ஒரு குழுவின் பாடல்களை மற்றவர்கள் பாடித் தந்த டிரிப்யூட் ஆல்பத்திலிருந்தோதான் தொடங்குகிறார். வானொலி தொடாத, பெரிய கடைகள் அடுக்கி வைக்காத இசைக்கு 1980களிலும் 90களிலும் தொகுப்புதான் விளம்பரமாகவும் கடைவாசலாகவும் இருந்தது. அந்த வசதியாலேயே இந்த வகைகளில் வெளிவந்த தொகுப்புகளில் பாதிக்கு மேல் அலமாரியை நிரப்ப மட்டுமே உதவுகின்றன. எஞ்சிய பாதியில் சில, தனி ஆல்பங்களே தராத ஒன்றைத் தருகின்றன. பாடல்களைச் சேர்த்தவருக்கும் அந்தப் பாடல்களுக்கும் இடையே என்ன உறவு இருந்தது, அவர் அந்தக் கூட்டத்துக்குள் நின்று சேர்த்தாரா, வெளியே நின்று கணக்குப் பார்த்துச் சேர்த்தாரா என்ற கேள்வியை வைத்துத்தான் கீழ்க்கண்டவற்றை எடைபோட்டிருக்கிறேன்.

1983இல் லண்டன் ரெக்கார்ட்ஸ் வெளியிட்ட ‘யங் லிம்ப்ஸ் அண்ட் நம்ப் ஹிம்ஸ்’ உள்ளே நின்று சேர்த்த தொகுப்புக்கு நல்ல எடுத்துக்காட்டு. லண்டனின் சோஹோ பகுதியில், டீன் தெருவில், 1982 ஜூலையில் தொடங்கிய பேட்கேவ் என்ற இரவு விடுதியின் ஒலிப்பதிவேடு என்று இதைச் சொல்லலாம். அந்த விடுதியை நடத்திய ஸ்பெசிமன் குழுவும், அங்கேயே வளர்ந்த ஏலியன் செக்ஸ் ஃபீண்ட் குழுவும் இதில் இடம்பெறுகின்றன. ஏலியன் செக்ஸ் ஃபீண்டின் மலிவான டிரம் மெஷினும் கோமாளித்தனமான பேயாட்டமும், கோத்திக் என்றாலே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று நம்புகிறவர்களுக்கு நல்ல மருந்து. ஆனால் எனக்கு இந்தத் தட்டில் முக்கியமாகப் படுவது டெஸ்ட் டிபார்ட்மென்ட் குழுவின் இருப்பு. தென் லண்டனின் நியூ கிராஸ் பகுதியில் பழைய இரும்புச் சாமான்களைத் தட்டித் தாளம் அமைத்த அந்தக் குழுவைப் பின்னாளில் கோத்திக் என்று சொல்வதில்லை, இண்டஸ்ட்ரியல் என்றே வகைப்படுத்துகிறார்கள். ஆனாலும் அந்த விடுதியில் கூடியவர்களுக்கு இரண்டும் ஒரே இரவின் இசையாகவே இருந்திருக்கின்றன. இரண்டு வகைகளும் தனித்தனிச் சுவர் எழுப்பிக்கொள்வதற்கு முந்தைய நிலையை இந்த ஒரு தட்டு காட்டுவதுபோல் வரலாற்றுக் கட்டுரைகள் காட்டுவதில்லை. ஒலித்தரம் சுமார்தான், சில பாடல்கள் அன்றே மறந்துபோயிருக்க வேண்டியவை. இருந்தாலும் வாங்கத் தகுந்தது.

அடுத்தது, 1994இல் மூன்று குறுந்தகடுகளாக வந்த ‘பிளாக் பாக்ஸ்: வாக்ஸ் ட்ராக்ஸ் ரெக்கார்ட்ஸ், தி ஃபர்ஸ்ட் 13 இயர்ஸ்’. இண்டஸ்ட்ரியல் இசைக்காக ஒரே ஒரு தொகுப்புதான் வாங்க முடியும் என்றால் இதைத்தான் வாங்கச் சொல்வேன். ஜிம் நாஷ், டேனி ஃப்ளெஷர் என்ற இருவர் 1970களின் நடுவில் டென்வர் நகரில் தொடங்கி, 1978இல் சிகாகோவின் லிங்கன் அவென்யூவுக்கு மாற்றிய இசைத்தட்டுக் கடையே வாக்ஸ் ட்ராக்ஸ். கடைக்கு வருகிறவர்கள் எதைக் கேட்டு வாங்குகிறார்கள் என்பதைக் கல்லாவில் நின்று பார்த்தவர்கள் 1980களின் தொடக்கத்தில் தாங்களே வெளியீட்டிலும் இறங்கினார்கள். பெல்ஜியத்தின் ஃப்ரண்ட் 242, ஜெர்மனியின் கேஎம்எஃப்டிஎம் ஆகிய குழுக்களை அமெரிக்கக் கேட்பாளர்களிடம் கொண்டு சேர்த்தது இந்தக் கடைதான். சிகாகோவிலேயே இருந்த அல் ஜோர்கென்சனின் மினிஸ்ட்ரி, அவர் நடத்திய பக்கவாட்டுக் குழுக்களான ரிவோல்டிங் காக்ஸ், 1000 ஹோமோ டிஜேஸ் ஆகியவையும் இங்கேயே வளர்ந்தன. எழுத்து மூலமான ஒப்பந்தம் இல்லாமல், கைகுலுக்கலை நம்பியே நடந்த வியாபாரம் அது. பெரிய நிறுவனங்கள் வந்து குழுக்களைத் தூக்கிக்கொண்டு போனபோது தடுத்து நிறுத்த அவர்கள் கையில் காகிதம் எதுவும் இருக்கவில்லை. 1992இல் நிறுவனம் திவாலாகி, நியூயார்க்கின் டிவிட்டி ரெக்கார்ட்ஸ் கைக்குப் போனது. இந்தப் பெட்டியை வெளியிட்டதும் டிவிட்டிதான்.

இந்தக் கைமாற்றம்தான் பெட்டியின் மிகச் சுவையான பாடலுக்கு வழிவிட்டது. பிளாக் சப்பாத் 1972இல் ‘வால்யூம் 4’ ஆல்பத்தில் பாடிய ‘சூப்பர்நாட்’டை 1000 ஹோமோ டிஜேஸ் 1990இல் மறுபடி பாடிப் பதிவு செய்தது. முதல் பதிவில் பாடியவர் நைன் இஞ்ச் நெயில்ஸின் ட்ரென்ட் ரெஸ்னர். அவரோ அப்போது டிவிட்டியின் ஒப்பந்தத்தில் கட்டுண்டு கிடந்தவர். தங்கள் பாடகரின் குரல் வேறு நிறுவனத்தின் தட்டில் வருவதற்கு டிவிட்டி அனுமதி தரவில்லை. ஆகவே ஜோர்கென்சன் தாமே பாடிய வடிவம் வெளிவந்தது. அவர் புதிதாக எதையும் பாடவில்லை, ரெஸ்னரின் குரலையே அடையாளம் தெரியாதபடி சிதைத்து வைத்தார் என்று ஒரு பேச்சும் ரசிகர்களிடையே உண்டு. நான்கு ஆண்டுகள் கழித்து, தடுத்த நிறுவனமே வாக்ஸ் ட்ராக்ஸின் சொந்தக்காரராகிவிட்ட பிறகு, தடுப்பதற்கு யாரும் இல்லாமல் ரெஸ்னர் பாடிய வடிவம் இந்தப் பெட்டியில் வெளியானது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். கிட்டார், தாளம், வேகம் எல்லாம் ஒன்றே. ஜோர்கென்சன் வடிவத்தில் குரலும் ஒரு இயந்திரமாகிக் கிட்டாரோடு உராய்கிறது. ரெஸ்னர் வடிவத்தில் ஒரு மனிதன் அந்த இயந்திரத்துக்குள் மாட்டிக்கொண்டு கத்துவது கேட்கிறது. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். ஒரு தொகுப்பு பழைய பாடல்களை வரிசைப்படுத்துவதோடு நிற்காமல், பூட்டிவைக்கப்பட்டிருந்த ஒன்றைத் திறந்துவிடவும் முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

ஜோர்கென்சனின் வடிவம் அதே 1994இல் ‘நேட்டிவிட்டி இன் பிளாக்’ என்ற பிளாக் சப்பாத் டிரிப்யூட் ஆல்பத்திலும் வந்தது. அது அடிப்படையில் மெட்டல் தட்டு. ஆனால் கோத்திக் பக்கம் நிற்பவர்கள் தவறவிடக் கூடாத ஒரு பாடல் அதில் இருக்கிறது. புரூக்ளினின் டைப் ஓ நெகட்டிவ் குழு, சப்பாத்தின் பெயரையே தாங்கிய 1970ஆம் ஆண்டுப் பாடலை எடுத்துக்கொண்டு, பீட்டர் ஸ்டீலின் பாதாளக் குரலில் இன்னும் மெதுவாக்கிப் பாடுகிறது. மூலத்தில் சப்பாத்தின் பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் பயந்து நடுங்குகிறார். இங்கே ஸ்டீல் பயப்படுவதாகவே தெரியவில்லை, பயமுறுத்த வந்திருப்பவனின் பக்கம் போய் நின்றுகொள்கிறார். பின்னொரு வடிவத்தில் வரிகளையே அந்தப் பக்கத்திலிருந்து மாற்றி எழுதியும் பாடினார். மூலப்பாடலில் யார் பேசுகிறார்கள் என்பதை மாற்றிவிடும் இந்தத் துணிச்சல்தான், பிறர் பாடலை மறுபடி பாடும் நல்ல கவருக்கும் வெறும் நகலுக்கும் உள்ள வேறுபாடு.

இனி தொழிற்சாலைக்கு வருவோம். 1992இல் பிரையன் பெரேரா லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கிய கிளியோபாட்ரா ரெக்கார்ட்ஸ் அளவுக்கு இந்த இரு வகைகளிலும் தொகுப்புகளை வெளியிட்ட நிறுவனங்கள் மிகக் குறைவு. சிஸ்டர்ஸ் ஆஃப் மெர்சிக்கு 1993இல் ஒரு டிரிப்யூட், பௌஹாஸுக்கு 1996இல் ‘தி பேஷன் ஆஃப் கவர்ஸ்’, தி கியூர் குழுவுக்கு 1997இல் ‘100 டியர்ஸ்’ என்று தொடங்கிய வரிசை, போகப் போக ஏசி/டிசி முதல் நைன் இஞ்ச் நெயில்ஸ் வரை கைக்குக் கிடைத்த பெயர்களை எல்லாம் தொட்டது. இத்தனை தட்டுகள் ஏன் என்று வியப்பவர்கள் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 115ஆம் பிரிவைப் பார்க்க வேண்டும். ஒருமுறை வெளியாகிவிட்ட பாடலை வேறொருவர் பாடிப் பதிவு செய்து வெளியிட, பாடலாசிரியரின் சம்மதம் தேவையில்லை. சட்டம் நிர்ணயித்த கட்டணத்தைச் செலுத்தினால் போதும். 1996, 1997ஆம் ஆண்டுகளில் அந்தக் கட்டணம், ஐந்து நிமிடத்துக்கு மேற்படாத பாடலுக்கு ஒரு பிரதிக்கு 6.95 சென்ட். பதினைந்து பாடல்கள் கொண்ட தட்டு ஒன்றுக்கு மூலப் பாடலாசிரியர்களுக்குப் போவது ஒரு டாலருக்குச் சற்றே மேல். மாறாக, அசல் பதிவுகளைச் சேர்த்துத் தொகுப்பு போட வேண்டுமானால் ஒவ்வொரு பதிவின் உரிமையாளரோடும் தனித்தனியாகப் பேரம் பேச வேண்டும், அவர் முடியாது என்றும் சொல்லலாம். உறையில் பெரிய பெயரைப் போட்டுக்கொள்ளலாம், உள்ளே பாடுவது நிறுவனத்தின் சொந்தக் குழுக்களாக இருக்கலாம், யாரிடமும் கெஞ்ச வேண்டாம் என்றால் எந்த வியாபாரிதான் வேண்டாம் என்பார்?

இந்தத் தட்டுகள் எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். சிறு குழுக்கள் பலவற்றின் பெயரை என் போன்றவர்கள் முதலில் படித்ததே இவற்றின் பின்னட்டையில்தான். ஆனால் வரிசையாகக் கேட்கும்போது ஒரே நோய் திரும்பத் திரும்பத் தெரிகிறது. பாடலைத் தேர்ந்தெடுத்தவர் பாடுகிறவராக இல்லாமல் பட்டியல் போட்டவராக இருப்பதுபோல் ஒலிக்கிறது. பௌஹாஸ் பாடலைப் பாடுகிறவர் அந்தக் குழுவின் பாடகர் பீட்டர் மர்ஃபியின் கரகரப்பை நகலெடுக்க முயன்று, அந்தக் குழுவின் உண்மையான வலிமையான வெற்றிடத்தை, அதாவது கிட்டார் ஒலிக்காமல் விட்டு வைக்கும் நொடிகளை, சின்தசைசரால் நிரப்பிவிடுகிறார். கேட்டு முடித்ததும் மூலத்தை எடுத்துப் போடத் தோன்றுகிறதே தவிர, கவரை இன்னொரு முறை கேட்கத் தோன்றுவதில்லை.

1997இல் வந்த ‘கவர்ட் இன் பிளாக்’ என்ற ஏசி/டிசி இண்டஸ்ட்ரியல் டிரிப்யூட்டைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயன் தரும், ஏனென்றால் அது ஏன் தடுமாறுகிறது என்பது இசை சார்ந்த காரணம். ஏசி/டிசியின் கிட்டார் வரிகள் எளிமையானவை, யாரும் வாசித்துவிடலாம். ஆனால் டிரம் வாசிக்கும் ஃபில் ரட்டின் ஸ்னேர் டிரம் அடி, இருக்க வேண்டிய இடத்துக்கு மயிரிழை பின்னால் விழுகிறது. கிட்டார் வாசிக்கும் மால்கம் யங்கின் வலக்கை அதனோடு சேர்ந்து சாய்ந்துகொள்கிறது. அந்தச் சாய்வில்தான் மொத்த ஆட்டமும் இருக்கிறது. டிரம் மெஷின் அந்தச் சாய்வை நேராக்கிவிட்டால் மிஞ்சுவது மூன்று கிட்டார் சுரக்கூட்டுகளும் ஒரு கத்தலும்தான். ஆல்பத்தின் பெரும்பகுதி இப்படித்தான் கை நழுவுகிறது. விதிவிலக்கு, பர்மிங்காமின் காட்ஃப்ளெஷ் எடுத்துக்கொண்ட ‘ஃபார் தோஸ் அபௌட் டு ராக்’. அந்தக் குழுவின் ஜஸ்டின் பிராட்ரிக் தொடக்கத்திலிருந்தே டிரம் மெஷினை மனிதக் கைக்கு மாற்றாகப் பயன்படுத்தியவர் அல்லர். இயந்திரம் இயந்திரமாகவே கேட்க வேண்டும், அதன் எடை கேட்பவர் மேல் விழ வேண்டும் என்று பயன்படுத்தியவர். ஆகவே அவர் கையில் அந்தப் பாடல் ஆட்டத்தை இழந்தாலும் எடையைப் பெறுகிறது. அந்த ஒரு பாடலுக்காக முழுத் தட்டை வாங்கலாமா என்றால், பழைய தட்டுக் கடையில் மலிவாகக் கிடைத்தால் வாங்கலாம்.

விளையாட்டுத்தனத்தோடு செய்யப்பட்டவற்றுக்கு நான் கூடுதல் மதிப்பெண் தருவேன். சான் டியாகோவின் ரீ-கன்ஸ்ட்ரிக்ஷன் ரெக்கார்ட்ஸ் 1993இல் ‘ஷட் அப் கிட்டி’ என்று ஒரு கவர் தொகுப்பையும், 1996இல் ஹிப் ஹாப் பாடல்களை இண்டஸ்ட்ரியல் குழுக்கள் பாடும் ‘ஆபரேஷன் பீட்பாக்ஸ்’ தொகுப்பையும் வெளியிட்டது. தரம் ஏறி இறங்கினாலும், தங்கள் வகையின் விறைப்பைத் தாங்களே கேலி செய்துகொள்ளும் ஒரு சிரிப்பு அவற்றில் இருக்கிறது. விறைப்பையே சீருடையாக அணியும் இந்த உலகில் அந்தச் சிரிப்பு அரிது.

டிரிப்யூட் ஆல்பங்களில் என் முதல் தேர்வு, 1998 ஆகஸ்டில் வந்த ‘ஃபார் த மாஸஸ்’. டெபெஷ் மோட் குழுவின் பதினாறு பாடல்களைப் பதினாறு குழுக்கள் பாடுகின்றன. பாடியவர்கள் ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர். ஆனால் ஒவ்வொருவருக்கும் தன் பாடலோடு ஒரு பழைய கணக்கு இருப்பது கேட்கிறது. ஸ்மாஷிங் பம்ப்கின்ஸின் ‘நெவர் லெட் மீ டவுன் அகெய்ன்’ இந்த ஆல்பத்துக்காகச் செய்யப்பட்டதே அல்ல. 1994இல் அவர்களுடைய ஒரு சிங்கிளின் பின்பக்கத்தில் ஏற்கெனவே வந்தது. மூலம் மேடை முழுவதையும் கையசைக்க வைக்கும் பாடல். அவர்களோ கிசுகிசுப்பாகப் பாடுகிறார்கள். லோகஸ்ட் ‘மாஸ்டர் அண்ட் சர்வண்ட்’ பாடலின் சாட்டையடித் தாளத்தை அப்படியே கழற்றி வைத்துவிட்டு, தூக்கக் கலக்கத்தில் நடப்பதுபோல் கொண்டுபோகிறது. ஹூவர்ஃபோனிக், டெஃப்டோன்ஸ், ஃபெயிலியர் ஆகியோரும் ஏமாற்றவில்லை. தி கியூர் பாடிய ‘வேர்ல்ட் இன் மை ஐஸ்’ மட்டும் எனக்கு ஏமாற்றமே. கோத்திக் உலகின் தூணாகக் கருதப்படும் குழுவிடம் எதிர்பார்த்தது கிடைக்கவில்லை. ஒரு மதியப் பொழுதில் அசட்டையாகச் செய்து முடித்ததுபோல் ஒலிக்கிறது.

ஆல்பத்தின் நடுநாயகம் ஜெர்மனியின் ராம்ஸ்டைன் பாடிய ‘ஸ்ட்ரிப்ட்’. மூலத்தை 1986இல் டெபெஷ் மோட் செய்த விதமே இண்டஸ்ட்ரியல் முறைதான்: மோட்டார் சைக்கிள் எஞ்சின் ஓடும் ஒலியைப் பதிவு செய்து, வேகத்தைக் குறைத்து, அதையே அடித்தாளமாக வைத்தார்கள், பாடகர் டேவ் கானின் போர்ஷே கார் கிளம்பும் ஒலியும் தொடக்கத்தில் இருக்கிறது. நகரத்தின் புகையிலிருந்து தப்பிக் காட்டுக்குப் போவோம் என்று அழைக்கும் காதல் பாட்டு, எஞ்சின் சத்தத்தின் மேல் மிதக்கிறது. ராம்ஸ்டைன் அந்த எஞ்சினை அகற்றிவிட்டுக் கிட்டார்களை வைக்கிறது. பல்லவியில் எலும்பு வரை என்று வரும் சொற்றொடரை ராம்ஸ்டைன் பாடகர் டில் லிண்டமான் பாடாமல் விட்டுவிடுகிறார். பாடலின் பெயரான ஒற்றைச் சொல் மட்டும், நாக்கை உருட்டி அழுத்திச் சொன்ன ரகரத்தோடு வந்து விழுகிறது. கெஞ்சலாக இருந்தது கட்டளையாகிவிடுகிறது. மூலத்தில் இல்லாத ஓர் அச்சுறுத்தல் பாடலுக்குள் புகுந்துவிடுகிறது, அதோடு ஒரு சங்கடமும். அந்தச் சங்கடத்தை அவர்கள் காணொளியில் வேண்டுமென்றே பெருக்கினார்கள்: 1936ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்ஸை நாஜி ஆட்சிக்காக லேனி ரீஃபன்ஸ்டால் எடுத்த ‘ஒலிம்பியா’ படக் காட்சிகளை வெட்டி ஒட்டினார்கள். ஜெர்மனியில் கடுமையான கண்டனம் எழுந்தது. தாங்கள் எந்தப் பக்கம் என்பதைச் சொல்ல 2001இல் இதயம் இடப்பக்கம் துடிக்கிறது என்று ஒரு பாடலே எழுத வேண்டியிருந்தது. அந்தக் காட்சிகளைக் கலை என்று மட்டும் பார்க்கச் சொல்வது எனக்கு அன்றும் இன்றும் ஏற்புடையதல்ல. ஆனால் காணொளியை ஒதுக்கிவிட்டுப் பாடலை மட்டும் கேட்டால், ஒரு கவர் எவ்வளவு குறைவான மாற்றங்களால் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு இது பாடம்.

தொகுப்பு என்று எண்ணப்படாவிட்டாலும் 1994இல் வந்த ‘த க்ரோ’ படத்தின் இசைத்தட்டையும் இங்கே சேர்க்க வேண்டும். அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்குப் போன தட்டு அது. அதில் நைன் இஞ்ச் நெயில்ஸ் பாடிய ‘டெட் சோல்ஸ்’, ஜாய் டிவிஷன் 1980இல் பிரான்ஸின் ஒரு சிறு நிறுவனம் மூலம் வெறும் 1,578 பிரதிகளே வெளியிட்ட தட்டில் இடம்பெற்ற பாடல். மூலத்தில் ஜாய் டிவிஷன் பாடகர் இயன் கர்ட்டிஸ் வாய் திறக்க இரண்டு நிமிடங்களுக்கு மேல் ஆகிறது. ரெஸ்னர் அந்தக் காத்திருப்பைக் கைவிடவில்லை. குரலையும் கடைசி வரை அடக்கியே வைத்திருக்கிறார். கர்ட்டிஸைப்போல் பாட முயலாதது அவர் காட்டிய மரியாதை. கியூர் குழு படத்துக்காகவே எழுதிய ‘பர்ன்’ பாடலும் இதிலேயே இருக்கிறது. மேலே அவர்கள்மேல் வைத்த குறைக்கு ஈடாக இதைச் சொல்லிவிடுகிறேன்.

பெரிய பெட்டிகளைப் பற்றிச் சுருக்கமாக: ரைனோ நிறுவனம் 2006இல் வெளியிட்ட ‘எ லைஃப் லெஸ் லிவ்ட்’ மூன்று குறுந்தகடுகளும் ஒரு காணொளித் தட்டும் கொண்டது, கருப்புத் தோல்போல் தோன்றும் உறைக்கு இடுப்புக் கச்சைப்போல் கயிறு கட்டியிருக்கிறார்கள். பரிசளிக்க அழகானது. கேட்பதற்கோ, புகழ் பெற்றவற்றை ஒவ்வொன்றாக வரிசைப்படுத்திய கண்காட்சி போன்றது, எந்தத் திருப்பமும் இல்லை. செர்ரி ரெட் நிறுவனம் 2017இல் வெளியிட்ட ஐந்து தட்டுப் பெட்டியான ‘சில்ஹூட்ஸ் அண்ட் ஸ்டாச்சூஸ்’ அதைவிடப் பல மடங்கு மேல். 1978 முதல் 1986 வரையிலான காலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, ஓரிரு சிங்கிளோடு மறைந்துபோன குழுக்களையும் பொறுமையாகத் தேடிச் சேர்த்திருக்கிறார்கள். ஒரே மூச்சில் கேட்டால் சலிக்கும்; ஒரு நாளைக்கு ஒரு தட்டு என்று வைத்துக்கொண்டால் சலிக்காது.

வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். உரிமங்கள் காலாவதியாகும்போது ஸ்ட்ரீமிங் சேவைகளில் இத்தகைய தொகுப்புகள்தான் முதலில் ஓட்டை விழுகின்றன. பட்டியலில் பெயர் இருக்கும், தொட்டால் பாடாது. ஆகவே முழுத் தொகுப்பும் வேண்டுமென்றால் பழைய குறுந்தகடே பாதுகாப்பு. ‘பிளாக் பாக்ஸ்’ தேடுகிறவர்கள் விற்பவரிடம் மூன்று தட்டுகளும் உள்ளனவா என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு பணம் அனுப்புவது நல்லது; பெட்டியிலிருந்து பிரிந்து தனியாக அலையும் தட்டுகளும் விற்பனைக்கு வருவதுண்டு. ‘சூப்பர்நாட்’ மட்டும் போதும் என்பவர்கள், எந்த வடிவம் என்பதைக் குரலைக் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்வது நல்லது.